ஏணியில் இரண்டு கேமராக்கள்

1. லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய மிரர்லெஸ் கேமரா வாங்க விழுப்புரத்தில் ஒரு கடைக்குப் போனேன்.
2. கடையில் வேலை செய்த பெண் என்னை ஏணியில் ஏற்றினாள்.
3. சட்டைப்பையில் அடங்கும் காம்பாக்ட் கேமராவோடு திரும்பினேன்.

ஊர் ஊராகக் குடிநீர்த் தொட்டிகளில் ஏறி விரிசல்களைப் படமெடுப்பது என் வேலை. ஒல்லியான அந்தப் பெண், எந்தக் கேமராவைக் காட்டினாலும் முதலில் அதன் வாரை நம் மணிக்கட்டில் மாட்டிவிடுவாள்.

"மிரர்லெஸ்ல சென்சார் பெருசு. படம் தெளிவா இருக்கும்" என்றேன்.

"இருக்கும்க்கா. எங்க நின்னுக்கினு எடுப்பீங்க?"

"தொட்டி ஏணியில."

பரணில் சாத்தியிருந்த ஏணியைக் காட்டினாள். "ஏறிப் பாருங்க."

லென்ஸைத் திருகி மிரர்லெஸ்ஸில் எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. காம்பாக்டுக்கு ஒரு கை போதும்.

"விரிசல் தெரிஞ்சா போதாதாக்கா? நீங்க கீழ வுழுந்தா, அதைப் படம் எடுக்கத்தான் பெரிய கேமரா வேணும்."

கல்லாவிலிருந்த முதலாளி முறைத்தார். "யாவாரத்தைக் கெடுக்கிறியேம்மா!"

அந்த வருட மழைக்காலத்தில், கிளியனூர் பக்கம் ஒரு பழைய தொட்டியில் ஏணிப்படி என் காலடியில் பெயர்ந்தது. ஒரு கையில் கேமரா இருந்தது. மறுகை ஏணியை விடவில்லை.

நன்றி சொல்லப் போனபோது அவள் வேலையை விட்டிருந்தாள். நான் அவள் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை.

கேமரா இன்னும் ஓடுகிறது. ஏறுவதற்கு முன் வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொள்கிறேன்.