பிரேமா சொல்லாமல் இருந்த அரை மணி நேரம்

திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் பிரேமா பதினோரு வருஷமாக ஆயா வேலை பார்க்கிறாள். மணவூரிலிருந்து விடியற்காலை ரயிலில் வருவாள். ஏழாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். நாற்று நட்டும் களை எடுத்தும் இருந்தவள், புருஷன் போன பிறகு துடைப்பத்தை எடுத்தாள். நாலு பேர் நடுவில் வாயே திறக்க மாட்டாள். கண் மட்டும் சும்மா இருக்காது.

அந்தக் கண்ணைக் கவனித்தவள் நர்ஸ் ஷோபனா. ஒருத்தியே மூன்று கட்டிலைப் பார்க்க வேண்டிய நாட்களில் பிரேமாவைக் கூப்பிட்டு உட்காரவைப்பாள். பிரசவ வலியில் இருப்பவளின் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வலி வரும்போது வயிறு கல்லாகும், விட்டதும் இளகும். பத்து நிமிஷத்தில் மூன்று, நான்கு வரலாம். ஐந்தைத் தாண்டினாலோ, நடுவில் இளகாமல் போனாலோ உடனே கூப்பிட வேண்டும். வலியைக் கூட்ட ஏற்றும் டிரிப்ஸைச் சொட்டு எண்ணித்தான் விடுவார்கள். வலி மிஞ்சினால் முதல் வேலையாக அதைத்தான் நிறுத்துவார்கள். வலிக்கு நடுவே இளகும் நேரத்தில்தான் குழந்தை மூச்சு வாங்கிக்கொள்கிறது என்று ஷோபனா சொல்லிக் கொடுத்திருந்தாள்.

ஆடிக்கிருத்திகை அன்று காலை எட்டு மணிக்கு மோனிஷா வந்தாள். கனகம்மாசத்திரம் பக்கத்துப் பெண், தலைப்பிரசவம். கூட மாமியார் எல்லம்மாள், நெற்றி நிறைய விபூதி. பிள்ளை பிறக்க இன்னும் பத்து நாள் இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் எல்லம்மாள் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம், கிருத்திகையில் பிள்ளை பிறந்தால் முருகனுக்கே காவடி எடுத்துவிடுவதாக வேண்டியிருக்கிறோம், வலி வர ஏதாவது போடுங்கள் என்று கேட்டுப் பார்த்திருந்தாள். தேவையில்லாமல் போட மாட்டேன், தானாக வலி வந்தால் வாருங்கள் என்று டாக்டரம்மா திருப்பி அனுப்பியிருந்தார்.

"தானா வந்துச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஆங், விடிகாலம் தானா வந்துச்சும்மா" என்றாள் எல்லம்மாள். மோனிஷா தரையைப் பார்த்தாள்.

"வீட்ல மாத்திரை, கஷாயம் ஏதாவது?"

"ஐய, அதெல்லாம் இன்னாத்துக்கு? முருகன் குடுத்த வலிம்மா."

பனிக்குடம் உடைந்திருந்தது. பார்த்தவரை வலி போதாது. ஒன்பது மணிக்கு டாக்டரம்மா மிகக் குறைந்த சொட்டில் டிரிப்ஸ் ஆரம்பிக்கச் சொல்லிவிட்டு, அரக்கோணம் சாலையில் இன்னொரு ஆஸ்பத்திரியில் ஓர் ஆபரேஷனுக்குப் போனார். பத்தரைக்குள் திரும்பிவிடுவதாகச் சொன்னார். மலைக்குப் போகும் காவடிக் கூட்டம் சாலையை அடைத்திருந்தது. பக்கத்து அறையில் இன்னொருத்திக்குப் பிரசவம் நெருங்கியதால் ஷோபனா அங்கே ஓடினாள். மோனிஷாவின் வயிற்றில் கை வைத்துப் பிரேமா உட்கார்ந்தாள்.

பத்து மணிக்கு எண்ணிக்கை நான்கு. ஷோபனா வந்து குழந்தையின் துடிப்பைக் கேட்டாள். நன்றாக இருந்தது. சொட்டை அப்படியே விட்டுவிட்டுப் போனாள். பத்தேகாலுக்கு எல்லம்மாள் காபி வாங்க வெளியே போனாள். மோனிஷா பிரேமாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. காலைல அஞ்சு மணிக்கு அத்த நாக்குக்கடியில ஒரு மாத்திர வெச்சாங்க. மெடிக்கல்ல வாங்கியாந்தது. டாக்டர்கிட்ட சொல்லமாட்டேன்னு மலையப் பாத்து சத்தியம் பண்ணச் சொன்னாங்க."

அது இன்ன மாத்திரை என்று பிரேமாவுக்குத் தெரியாது. ஆனால் வலி வரவழைக்க மாத்திரை வைத்தவர்களுக்கு இத்தனை மணி நேரம் கழித்துத்தான் டிரிப்ஸ் என்று டாக்டரம்மா கணக்குப் பார்ப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறாள். எழுந்து வாசல் வரை போனாள். எதிரே எல்லம்மாள்.

"இன்னா ஆயா, எங்க போறே? அது இன்னா சொல்லிச்சு?"

"ஒண்ணுமில்லீங்க."

"வலில கண்டதையும் உளறும். நீ எங்க வீட்டுப் பேச்ச எடுத்துக்கினு கெளம்பிடாத. ரெண்டு மணிக்குள்ள நட்சத்திரம் முடிஞ்சிடும். நல்லபடியா பொறந்தா உனக்குப் பொடவ எடுத்துத் தரேன்."

பிரேமா திரும்பி வந்து உட்கார்ந்தாள். புடவைக்காக இல்லை. சில வருஷங்களுக்கு முன் ஒருத்திக்குக் காய்ச்சல் அடிக்கிறது என்று அப்போதிருந்த பெரிய டாக்டரிடமே சொல்லப் போய், 'கூட்டுற வேலையப் பாரு' என்று அத்தனை பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டவள். இப்போது மாமியார் இல்லவே இல்லை என்று சாதித்தால், அந்தப் பெண்ணும் சத்தியத்துக்குப் பயந்து மறுத்துவிட்டால், யார் சொல் நிற்கும்? ஷோபனா வரட்டும், தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தாள். பக்கத்து அறையில் அந்தக் குழந்தை பிறந்து அழுதது. ஷோபனா வரவில்லை. பிரேமாவின் கைக்குக் கீழே ஐந்து வந்தது. பிறகு ஆறு. பிறகு எண்ண முடியவில்லை. வயிறு கல்லாகி, கல்லாகவே நின்றது.

"சிஸ்டர்!" என்று கத்தினாள். அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே தெரியவில்லை. "மாத்திர வெச்சிருக்காங்க சிஸ்டர், வீட்லயே வெச்சிருக்காங்க!"

மணி பத்தே முக்கால். ஷோபனா ஓடிவந்து முதலில் டிரிப்ஸை மூடினாள். மோனிஷாவை இடப்பக்கம் திருப்பினாள், ஆக்சிஜன் வைத்தாள். கருவியை வயிற்றில் வைத்தபோது துடிப்பு விட்டுவிட்டுக் கேட்டது. டாக்டரம்மா காரை வழியிலேயே விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்தே வந்து சேரப் பதினொன்றேகால் ஆயிற்று. வந்த வேகத்தில் குழந்தையை வெளியே எடுத்தார். ஆண் குழந்தை. நீலமாக இருந்தது. இருபது நிமிஷம் போராடியும் அழவில்லை.

எல்லம்மாள் வராந்தாவில் மார்பில் அடித்துக்கொண்டாள். "இந்த நர்சு மருந்த ஏத்தி என் பேரன சாவடிச்சிட்டா!" உறவுக்காரர்கள் நான்கைந்து பேர் ஷோபனாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

பிரேமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நடுவில் நின்றாள். "காலைல இவங்கதான் மாத்திர வெச்சாங்க. அந்தப் பொண்ணு பத்தேகாலுக்கே எங்கிட்ட சொல்லிச்சு. நான் அர மணி நேரம் சொல்லாம இருந்துட்டேன். சிஸ்டருக்கு எதுவும் தெரியாது."

எல்லம்மாள் அவள் முகத்தில் அறைந்தாள். டாக்டரம்மா குறுக்கே வந்து நின்று, "பத்தேகாலா?" என்று மட்டும் கேட்டார். "ஆங்" என்றாள் பிரேமா. அவர் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதினார்.

மூன்றாம் நாள் மோனிஷாவை அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருந்தார்கள். பால் கட்டாமலிருக்க மோனிஷாவின் மார்பை இறுக்கித் துணி சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாள் பிரேமா.

"அக்கா, நான் சொன்ன ஒடனே நீங்க போய்ச் சொல்லியிருந்தா அது பொழச்சிருக்குமா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். ஷோபனாவும் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தாள்.

"பொழச்சிருக்கும்னுதான் தோணுதும்மா" என்றாள் பிரேமா.

மோனிஷா அழவில்லை. பிரேமாவின் கையிலிருந்த துணியின் முனையை வாங்கி, மிச்ச முடிச்சைத் தானே போட்டுக்கொண்டாள்.