கடைசி ஐந்து நிமிடம்

எந்தக் கால்பந்து ஆட்டமானாலும் கடைசி ஐந்து நிமிடம் என் தங்கைக்குத் தாங்காது. மட்டாஞ்சேரி வீட்டில் டிவி முன்னாலிருந்து எழுந்து அடுக்களைக்குள் போய்க் காதைப் பொத்திக்கொள்வாள். ஆட்டம் முடிந்ததும் நான் போய் முடிவைச் சொல்ல வேண்டும். அந்த வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இப்போது அவள் அயர்லாந்தில் நர்ஸ். போன ஞாயிற்றுக்கிழமை அங்கே கேலிக் கால்பந்து பார்க்கப் போனவள், கேலரியிலிருந்து வீடியோ காலில் கூப்பிட்டாள். பந்தைக் கையிலும் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம் அது. அவள் ஊர் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசி நிமிடம் வந்ததும் எழுந்து ஓடிவிடுவாள் என்று காத்திருந்தேன். ஓடவில்லை. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி அவள் கையை இறுகப் பிடித்திருந்தாள். பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்தது; அந்த ஆட்டத்தில் அதற்கு ஒரு புள்ளி உண்டு, ஆட்டம் சமன். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் போனில் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கலாம்.

கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணா, பாத்தியா?" என்றாள்.

"இல்ல, சாயா போட அடுக்களைக்குப் போயிட்டேன்."

"பரவாயில்ல, நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தாள்.