வீட்டிலேயே அழகில்லாத பிள்ளை

மாலை ஐந்து நாற்பது. பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த அந்த அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை மேசைமேல் கிடந்த மூன்று வாழைப்பழங்கள். ஒரு செவ்வாழை, ஒரு நாட்டுப்பழம், விரல் நீளத்தில் ஒரு மட்டி. பலகையில் டீச்சர் எழுதியிருந்தார்: மாஸ், கே.

ஸ்பானிய மொழியில் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட இந்த இரண்டு சொற்கள் போதும் என்றார் டீச்சர். நடுவில் பண்பைச் சொல்ல வேண்டும். 'மாஸ் கிராந்தே கே' என்றால் 'அதைவிடப் பெரியது'. குறைவு என்றால் மாஸ் இருந்த இடத்தில் மெனோஸ். எல்லாவற்றிலும் பெரியது என்று சொல்ல, முன்னால் ஆண்பாலுக்கு 'எல்', பெண்பாலுக்கு 'லா' சேர்க்க வேண்டும். நல்லது, கெட்டது மட்டும் இந்த வழிக்கு வராது. 'இன்னும் நல்லது' என்பதற்கு மெஹோர், 'இன்னும் மோசம்' என்பதற்கு பியோர். அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

டீச்சர் கணவரோடு ஸ்பெயினில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். நாங்கள் மூன்று பேர் படித்தோம். கயத்தாறு பக்கம் காற்றாலைகளைப் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர். அவருடைய மேலதிகாரிகளில் இருவர் ஸ்பானியர்கள். மேலப்பாளையத்திலிருந்து ஒரு நர்ஸ். மூன்றாவது நான். செய்தித்தாளில் இருந்து ஓய்வு பெற்றபின் மாலைகள் நீளமாக இருந்ததால் சேர்ந்திருந்தேன்.

செய்தி மேசையில் நான் அதிகம் வெட்டிய சொல் 'மிக'. ஆசியாவிலேயே மிகப் பெரிய தேர், தென்னிந்தியாவிலேயே மிக உயரமான கோபுரம் என்று நிருபர்கள் எழுதி அனுப்புவார்கள். யார் அளந்தது என்று கேட்டால் பதில் வராது. பெரிய தேர், உயரமான கோபுரம் என்று மாற்றி அச்சுக்கு அனுப்புவோம். அதனால் அன்றைய பாடத்தில் எனக்குக் கை தயங்கியது.

மற்றவர்களுக்கும் தயக்கம் வந்தது. காரணம் வேறு.

பழங்கள் முடிந்ததும் குடும்பத்தை ஒப்பிடச் சொன்னார் டீச்சர். காற்றாலைக்காரர் தம்பியைவிடத் தான் அழகு என்றார். பிறகு, "தம்பி இங்கன இல்லல்லா, தைரியமாச் சொல்லலாம்" என்று தமிழில் சேர்த்துக்கொண்டார். நர்ஸின் முறை வந்தது. அவருக்கு முதல் வகுப்பு படிக்கும் ஒரே மகள். நர்ஸ் நிதானமாக, ஒரு பிழை இல்லாமல் சொன்னார்: "மி இஹா எஸ் லா மாஸ் ஃபேயா தெ லா காஸா."

என் மகள்தான் வீட்டிலேயே அழகில்லாதவள்.

டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தார். "போன்ல படம் காட்டினீங்களே. கிளி மாதிரி இருக்கா. அழகின்னு, பொனீத்தான்னு சொல்லுங்க. லா மாஸ் பொனீத்தா."

"அதை எப்படி டீச்சர் என் வாயால சொல்லுதது? கண்ணூறு பட்டுரும்லா."

"ஸ்பானிய மொழியில சொன்னா எந்தக் கண்ணுக்குப் புரியப் போவுது?" என்றார் காற்றாலைக்காரர்.

"ஒமக்கென்ன தம்பி, பிள்ளையா குட்டியா? ஒங்கம்மாட்ட போயிக் கேளும்."

அவர் சிரித்துவிட்டார். "நான் டிப்ளமோ பாஸானப்ப எங்கம்மா தெருவுல சொன்னது, 'ஏதோ தட்டுத் தடுமாறி வந்துட்டான், மூதி'ன்னு. நான் காலேஜ்ல ரெண்டாவது."

இலக்கணம் சரியாக இருந்ததால் டீச்சர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அடுத்த வகுப்புகளிலும் மகளைப் பற்றிய வாக்கியங்கள் அதே வழியில் வந்தன. வகுப்பிலேயே சோம்பேறி. தெருவிலேயே சேட்டைக்காரி. வீட்டில் எல்லாரையும்விட மோசம். உச்சரிப்பில் அந்த வாக்கியங்கள்தான் அவருக்கு மிகவும் தெளிவாக இருந்தன. பழகிப்போனவை.

அவர் ஸ்பானியம் படித்ததற்குக் காரணம் உண்டு. அவருடைய கணவர் ஸ்பெயினில் ஒரு கடலோர ஊரில் உணவுவிடுதி சமையலறையில் வேலை செய்தார். நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தார். அதே ஊரில் முதியோர் இல்லம் ஒன்று நர்ஸ் உதவியாளர்களை எடுத்தது. இல்லத்துக்குச் சொந்தமான குடியிருப்பில் தனி ஆட்களுக்கு அறைகளும், குடும்பத்தோடு வருபவர்களுக்குச் சில வீடுகளும் இருந்தன. வேலை கிடைத்து வீடும் கிடைத்தால் மூன்று பேரும் ஒரே கூரையின்கீழ் இருக்கலாம். மகள் தந்தையைப் பெரும்பாலும் போன் திரையில்தான் பார்த்திருந்தாள்.

நேர்முகத் தேர்வு காணொளியில் நடந்தது. மேலப்பாளையத்தில் அவர் வீட்டில் இணைய வேகம் போதாது என்பதால் வகுப்பு அறையிலேயே வைத்துக்கொண்டார்கள். டீச்சரும் காற்றாலைக்காரரும் நானும் கேமராவில் படாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். உதவக் கூடாது என்பது ஒப்பந்தம்.

திரையில் கண்ணாடி அணிந்த, நரைத்த தலையுடைய பெண்மணி வந்தார். இல்லத்தின் நிர்வாகி. வேலையைப் பற்றிக் கேட்டார். பகல் வேலையைவிட இரவு வேலை கஷ்டம் என்றார் நர்ஸ். பெண் நோயாளிகளைவிட ஆண் நோயாளிகள் மோசம்; மருந்து குடிக்க அடம்பிடிப்பதில் ஓய்வுபெற்ற வாத்தியார்கள்தான் எல்லாரிலும் மோசம். நிர்வாகி வாய்விட்டுச் சிரித்தார். காற்றாலைக்காரர் என் முழங்காலைத் தட்டினார்.

பிறகு நிர்வாகி, "உங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள் அல்லவா, எப்படிப்பட்டவள்?" என்று கேட்டார்.

நர்ஸ் யோசிக்கவில்லை. லா மாஸ் ஃபேயா. சோம்பேறி என்பதற்கு லா மாஸ் பெரெஸோஸா. லா பியோர் தெ லா காஸா. மூன்று வாக்கியங்கள், பிழையில்லை.

நிர்வாகியின் முகத்தில் சிரிப்பு இல்லை. குனிந்து ஏதோ குறித்தார். அடுத்த கேள்வியை மெதுவாகக் கேட்டார். நீங்கள் இங்கே வந்தால் உங்கள் தாயாரால் அவளைப் பார்த்துக்கொள்ள முடியுமா?

நர்ஸ் தலையை ஆட்டினார். முடியும். என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வார். "மெஹோர் கே யோ."

பெற்ற தாயைப் பற்றி ஒருவர் கேட்டால் எங்கள் பக்கத்தில் வேறு பதில் கிடையாது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

திரை அணைந்ததும் காற்றாலைக்காரர் கைதட்டினார். "அக்கா, பின்னிட்டீக! ஒரு தப்பு இல்ல."

"தப்பு இல்லதான்" என்றார் டீச்சர். "அந்தம்மாவுக்கு என்ன புரிஞ்சிருக்கும்னு நெனைக்கீங்க? பிள்ளையைப் பிடிக்காது, பாட்டிகிட்ட விட்டுட்டு வாரா. அதான்."

நர்ஸ் முக்காட்டைச் சரிசெய்தார். "நான் அப்படியா டீச்சர் சொன்னேன்?"

"நீங்க சொல்லல. அவுக காதுல விழுந்தது அது."

அடுத்த வாரம் மின்னஞ்சல் வந்தது. வேலை உறுதி. குடியிருப்பில் தனி அறை, ஒருவருக்கு. மகளைத் தாயாரிடம் விட்டுவரும் அவருடைய ஏற்பாட்டைத் தாங்கள் மதிப்பதாக ஒரு வரியும் இருந்தது.

பதிலை டீச்சர் எழுதித் தருவதாகச் சொன்னார். நர்ஸ் வேண்டாம் என்றுவிட்டு மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார். என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, பேப்பர்ல இருந்தவுக நீங்க. பிள்ளையைப் புகழாம, பழிக்காம எப்படி எழுதுதது?"

"உள்ளதை மட்டும் எழுதுங்க" என்றேன்.

அவர் எழுதியதில் மாஸ் இல்லை, மெனோஸும் இல்லை. எழுதியது இவ்வளவுதான்: கண்ணூறு படும் என்று பயந்து எங்கள் ஊரில் தாய்மார் பிள்ளைகளைக் குறைத்தே பேசுவார்கள். என் மகள் இதுவரை என்னைப் பிரிந்து தூங்கியதில்லை. அவள் என்னோடு வருவாள். எங்களுக்கு வீடு வேண்டும்.

கடைசி வரியில் 'தயவுசெய்து' சேர்க்கலாம் என்றார் டீச்சர். சேர்த்தார். அனுப்பும் முன் மகளைப் பற்றிய வரியை ஒருமுறை வாய்க்குள் படித்துப் பார்த்து, கண்ணூறு படாமலிருக்க "மாஷா அல்லாஹ்" என்றார்.

நிர்வாகி மறுநாளே பதில் எழுதினார். தவறாகப் புரிந்துகொண்டதற்கு வருத்தம் தெரிவித்திருந்தார். குடும்ப வீடுகளை அந்த வாரம்தான் ஒதுக்கி முடித்திருந்தார்கள். ஒரு வீடு காலியாக ஒரு வருடம் ஆகலாம். இப்போது தனியாக வந்து சேரலாம். இல்லையென்றால் வீடு காலியாகும்போது மறுபடி விண்ணப்பிக்கலாம், அப்போது வேலை இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

அன்று இரவு கணவரோடு பேசியதாக நர்ஸ் சொன்னார். நர்ஸ் தனியாகப் போகவில்லை. ஜூன் மாதம் மகள் மேலப்பாளையத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் போனாள்.