செம்பு விட்டுப்போன குழாய்

என் மனைவி வேதியியல் ஆராய்ச்சி செய்பவள். என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால், அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சாவிக்கொத்தை எடுத்து நீட்டிவிடுவேன். ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம் மாட்டிக்கொண்டிருக்கிறதல்லவா, அதையே கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறில் செய்கிறாள். இரண்டுக்கும் நடுவே ஒட்டு கிடையாது, பிணைப்பு கிடையாது. ஆனாலும் ஒன்றை உடைக்காமல் இன்னொன்றைப் பிரித்தெடுக்க முடியாது. "இத வச்சு என்ன பண்றது?" என்பது அடுத்த கேள்வி. அதற்கு அவளே பதில் சொல்லிக்கொள்ளட்டும் என்று நான் மெல்ல நழுவிவிடுவேன்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நாள் முழுக்க அடுத்தவர் காலை நம்பி உட்கார்ந்திருக்கும் பிழைப்பு. வெளியில் என்னைப் பொறுமைசாலி என்பார்கள். வீட்டில் விசாரித்தால் வேறு கதை வரும்.

இந்தத் தொழிலால்தான் எனக்குக் கல்யாணமே ஆனது. செம்பு என்று நாங்கள் கூப்பிட்ட ஒருத்தி என்னிடம் ஓட்டப் பழக வந்தாள். ஆய்வகத்தில் அவளுக்கு வைத்த பெயர் அது. செம்புச் சேர்மங்கள் என்றால் அவளுக்கு உயிர். விரல் நுனியில் எப்போதும் ஒரு செங்கல் நிறக் கறை ஒட்டியிருக்கும். கிளட்சை மிதித்தால் கியரை மறப்பாள், கியரைப் போட்டால் ரோட்டை மறப்பாள். ஒருநாள் ஆய்வகத்துத் தோழியைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்தாள். தோழி வழி நெடுகக் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி நின்றதும் கண்ணைத் திறந்து, "தினமும் இதுல உக்காருறீங்களா? பாவம் நீங்க" என்றாள். என்னைப் பார்த்து அப்படி உருகிப் பேசிய முதல் ஆள் அவள்தான்; பிறகு என் மனைவியானவளும் அவள்தான். மேற்கொண்டு பேசி முடித்தது, இரு வீட்டுக்கும் நடந்தது, என் அம்மாவைச் சமாளித்தது எல்லாம் செம்பு.

கல்யாணத்தன்று அவள் ஒரு வேடிக்கை சொன்னாள். அது புரிய வேண்டுமானால் அவர்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூடிய வளையத்துக்குள் இன்னொரு மூடிய வளையத்தை எந்தக் கொம்பனாலும் நுழைக்க முடியாது. அதனால் மூடாத இரண்டு இழைகளை எடுத்துக்கொள்வார்கள். நடுவில் ஒரு செம்பு அணு. அது இரண்டு இழைகளையும் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்திருக்கும்போதே இழைகளின் நுனிகளைச் சேர்த்துவிட்டால் வளையம் வளையத்தோடு மாட்டிக்கொள்ளும். பிறகு செம்பை மட்டும் வெளியே எடுத்துவிடுவார்கள். "மாஸ்டர், ரெண்டு பேரையும் மாட்டிவிட்டாச்சு. இனி என்னைய வெளிய எடுத்துரலாம்" என்றாள் செம்பு. விழுந்து விழுந்து சிரித்தோம்.

அவளும் என் மனைவியும் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் வேலை பார்த்தார்கள். என் மனைவிக்கு வேலை நிரந்தரம். செம்புவுடையது தற்காலிகம், ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்க வேண்டியது. ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் செம்புவின் குடுவையில் நல்ல சிவப்பாக ஒன்று இறங்கியது. மூலக்கூறின் எடை பார்க்கும் கருவியில் வைத்தாள். இரண்டு வளையமும் ஒரு செம்பும் சேர்ந்தால் எவ்வளவு வர வேண்டுமோ அவ்வளவு, மயிரிழை பிசகாமல் வந்தது. ஆய்வகமே அவளைச் சுற்றி நின்றதாம்.

ஆனால் அந்த வேலையில் ஒரு வில்லங்கம் உண்டு. நுனிகள் ஆள் மாறிச் சேர்ந்துவிடலாம். இந்த இழையின் நுனி அந்த இழையோடு சேர்ந்தால் இரண்டு வளையம் கிடைக்காது. ஒரே பெரிய வளையம்தான். ரப்பர் பேண்டை எட்டுப் போல முறுக்கினால் எப்படியோ அப்படி அது செம்பைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். அதே எடை, அதே சிவப்பு. அவர்களிடம் அப்போது இருந்த கருவிகளுக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. பொருளைப் படிகமாக வளர்த்து எக்ஸ்ரேயில் வைத்தால் மட்டுமே அணு அணுவாக உண்மை தெரியும். படிகமோ, வா என்றால் வருவதில்லை.

வேலையை நீட்டிக்கும் நேரம் வந்தது. துறைத் தலைவர் என் மனைவியைக் கூப்பிட்டு, "உங்களத் தவிர இதப் பத்தித் தெரிஞ்சவங்க இங்க இல்ல. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். "இது மாட்டின வளையம்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது" என்றாள் அவள். அது நியாயமான பேச்சு. அதோடு நிறுத்தியிருக்கலாம். "பெரிய வளையமாத்தான் இருக்கும்" என்று இன்னொரு வாக்கியத்தையும் சேர்த்தாள். செம்புவின் வேலை அந்த இரண்டாவது வாக்கியத்தில் போயிற்று.

ஏன் சொன்னாய் என்று அன்றைக்கே கேட்டேன். "எனக்குத் தோணினதச் சொன்னேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரொம்ப காலம் கழித்து ஒருநாள், பாத்திரம் கழுவிக்கொண்டே, நான் கேட்காமலே சொன்னாள். "என் குடுவைல மாசக்கணக்கா ஒண்ணும் வரல. அவளுக்கு வந்துருச்சு. அதான்." நான் துண்டை எடுத்துத் தட்டுகளைத் துடைத்தேன்.

செம்பு சண்டை போடவில்லை. கடைசி நாள் மேசையில் தன் பக்கத்தைத் துடைத்துவிட்டு, பென்சிலைவிட ஒல்லியான ஒரு கண்ணாடிக் குழாயை என் மனைவியிடம் கொடுத்தாள். அடியில் சிவப்புக் கரைசல், அதன்மேல் அலுங்காமல் ஊற்றிய நிறமற்ற திரவம். இரண்டும் மெதுவாகக் கலக்கக் கலக்கப் படிகம் இறங்கும் என்பது கணக்கு. வாயை நாடாவால் பல சுற்றுச் சுற்றியிருந்தாள். "ஃப்ரிட்ஜ்ல வை. வாரம் ஒரு தடவ பாரு. ஆட்டாத. பாத்தா போதும்" என்றாள்.

என் மனைவி அதை வாங்கி ஆய்வக ஃப்ரிட்ஜின் பின்மூலையில் வைத்தாள். வைத்ததோடு சரி. முன்னால் மற்ற புட்டிகள் வந்து சேர்ந்தன. செம்பு வேறு ஊரில் பெயிண்ட் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். பிறகு ஆராய்ச்சிப் பக்கம் அவளை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்போது எங்கள் மகள் பிறக்கவே இல்லை. இப்போது அவள் பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிறாள்.

போன கோடையில் ஆய்வகத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். மதியம் நான் ஒருவருக்கு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி மைதானத்துக்கே வந்துவிட்டாள், ஆய்வக அங்கியைக்கூடக் கழற்றாமல். பழகுபவர் பயந்துபோய் இறங்கிக்கொண்டார். அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது.

"ஃப்ரிட்ஜக் காலி பண்ணேன். அவ குழாய் இருந்துச்சு" என்றாள். "அடி முழுக்கச் செவப்பு செவப்பாப் படிகம். அவ்வளவு அழகா நான் பாத்ததே இல்ல."

"பெரிய வளையமாவும் இருக்கலாம்ல?" என்று கேட்டேன். அவளைத் தேற்றத்தான் கேட்டேன். அதற்குப் போய் அவள் அழுதாள்.

எக்ஸ்ரே முடிவு சீக்கிரமே வந்தது. அவள் போனில் செம்புவிடம் சொல்லத் தைரியமில்லாமல், படத்தைத் தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டாள். விடுமுறை நாளில் நான் வண்டியை எடுத்தேன். போகும் வழியெல்லாம் ஒரே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்: "அவ பேசுவாளா?" பேசாமல் என்ன, செம்புவாவது, கோபமாவது என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

செம்புவின் வீடு மாடியில் இருந்தது. தலை நரைத்திருந்தது, விரல்களில் இப்போது பல நிறக் கறை. "மாஸ்டர், வாங்க வாங்க. இன்னும் உயிரோடதான் இருக்கீங்களா!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் மனைவியிடம் "வா" என்றாள்.

மனைவி படத்தை மேசையில் வைத்தாள். செம்பு கையைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினாள். ஒரு அணுவில் விரலை வைத்து, அடுத்தது, அதற்கடுத்தது என்று மெதுவாக நகர்த்தினாள். பெரிய வளையமாக இருந்தால் விரல் அடுத்த இழைக்குத் தாண்டிப் போயிருக்கும். போகவில்லை. ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. இரண்டாவது வளையத்தையும் அப்படியே சுற்றி வந்தாள்.

"மூடியிருக்கு. ரெண்டும்" என்றாள். அப்போது அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். என்னிடம் பழகும்போது முதல்முறை வண்டியை மேடு ஏற்றியபோது இருந்த அதே முகம்.

பிறகு கேட்டாள். "எந்தக் குழாய்?"

"நீ குடுத்துட்டுப் போனது."

"எப்ப பாத்த?"

"இப்பதான். லேப் மாத்தும்போது."

செம்பு கண்ணாடியைக் கழற்றினாள். "அந்த மழைக்காலம் முடியறதுக்குள்ள வந்திருக்கும்டி. நான் ஊர விட்டுப் போறதுக்கு முன்னாலயேகூட வந்திருக்கும்."

"மொதல்ல கோவத்துல பாக்கல. அப்புறம் வெக்கத்துல பாக்கல. அதுக்கப்புறம் மறந்தே போச்சு" என்றாள் என் மனைவி. "உன்னப் பத்தித் தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சிரு."

"தப்பாச் சொன்னதுல எனக்கு ஒண்ணும் இல்ல. யாரு வேணா தப்பாச் சொல்லலாம், நானும் சொல்லியிருப்பேன். பாருன்னு உன்கிட்ட குடுத்தேன். வேற யார்கிட்டயும் குடுக்கல."

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். நான் சுவரில் செம்பு தீட்டிப் பார்த்திருந்த பெயிண்ட் நிறங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கட்டுரை எழுதணும். உன் பேர மொதல்ல போடுறேன்" என்றாள் மனைவி கடைசியில்.

"போடு. மொதல்லதான் போடணும், அது என் வேல." செம்பு படத்தை மடித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். "ஆனா இனிமே என்னக் கூப்பிடாத."

என்னிடம் மட்டும், "பாத்து ஓட்டுங்க மாஸ்டர்" என்றாள்.

கட்டுரை வந்துவிட்டது. இரண்டு பேர் பெயரும் ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. என் மனைவி சொன்னபடி கேட்கிறாள், செம்புவைக் கூப்பிடுவதில்லை. மீதிப் படிகங்களோடு அந்தக் குழாய் புதுக் கட்டடத்து ஃப்ரிட்ஜில் முன்வரிசையிலேயே இருக்கிறது. போன வாரம் அவளைக் கூட்டிவரப் போனபோது பார்த்தேன். கதவைத் திறந்து, குழாயைத் தொடாமல், குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினாள்.

"அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே. இன்னும் எதுக்குப் பாக்குற?" என்று கேட்டேன்.

"வாரம் ஒரு தடவ பாக்கச் சொன்னா" என்றாள்.