பங்க்கை ஒட்டிய வீட்டுத் தண்ணீர்

விளாங்குடியில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. அதை மூடிய பிறகுதான் மண்ணுக்கடியில் இருந்த டேங்க் கசிந்திருப்பது தெரிந்தது. எங்கள் போர்வெல் தண்ணீரில் பெட்ரோல் வாடை வந்தபோதே நான் சொன்னேன். என் வீட்டுக்காரர்தான், "உனக்கு எதுலயும் ஒரு குத்தம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டேங்கைத் தோண்டி எடுத்தார்கள், மண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள், பங்க் இருந்த இடத்தில் நிலத்தடித் தண்ணீரைச் சோதிக்க மூடி போட்ட குழாய்களை ஆழமாக இறக்கினார்கள். சில மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு பெண் வந்து, அந்தக் குழாய்களிலும் எங்கள் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவாள்.

வாடை போய் நாளாகிவிட்டது. வாடை இல்லாததால் பெட்ரோல் இல்லை என்று ஆகிவிடாது, ரிசல்ட் வரட்டும் என்பாள் அவள். எனக்கோ அவசரம். திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகளுக்குத் தலைப்பிரசவம், தாய்வீட்டுக்கு வர வேண்டும். குடிக்கக் கேன் வாங்கிக்கொள்ளலாம். குளிக்க, துவைக்க எல்லாம் போர்தான். "அந்தத் தண்ணியில பச்சப்புள்ளய எப்படிக் குளிப்பாட்டுறது சம்பந்தி? சரியானதும் அனுப்புறேன்" என்றார் சம்பந்தியம்மா. நியாயமான பேச்சு. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது.

ரிசல்ட் வந்தது. பங்க் குழாய்கள் எல்லாம் சுத்தம். எங்கள் வீட்டுத் தண்ணீரில் மட்டும் பெட்ரோல். அன்று நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. அடுத்த முறை அவர்கள் வருவதற்குள் பிள்ளை பிறந்து முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருக்கும்.

அந்தப் பெண் அதை அப்படியே விட்டிருக்கலாம். யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மறுநாளே வந்து நின்றாள்.

"டேங்க் இருந்த எடத்துல இல்லாதது, சுவர் தாண்டி இங்க மட்டும் எப்படிம்மா வரும்? போன தடவை நான் வர்றதுக்கு முன்னாடி இந்தக் குழாயை எதாவது பண்ணீங்களா?"

நான் ஒன்றும் பண்ணவில்லை. வீட்டுக்காரர் முகத்தில்தான் பெருமை வழிந்தது.

"நீ வாரேன்னு சொன்னீல்ல பாப்பா, குழா துருப்பிடிச்சு அசிங்கமாக் கெடந்துச்சு. மொத நாள் சாயங்காலமே உள்ள வெளிய எல்லாம் நல்லாத் தொடச்சு வச்சேன்."

"எதை வச்சு அய்யா தொடச்சீங்க?"

"ஸ்கூட்டர்ல இருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்துத்தான். அம்புட்டுத் துருவும் போயிருச்சே."

கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளர் கழுவி அறியாத மனுஷன், கழுவுவதற்குத் தேர்ந்தெடுத்த நாளைப் பாருங்கள். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். "விடுங்கம்மா, மரியாதைக்குத்தான பண்ணாரு" என்று அந்தப் பெண்தான் என்னை அடக்கினாள். குழாயைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மோட்டாரை வெகுநேரம் ஓடவிட்டு, மோட்டாருக்குப் பக்கத்திலேயே புதிதாகத் தண்ணீர் பிடித்தாள். அலுவலகத்தில் பேசி, கெஞ்சி, எங்களுக்காக அவள் வாங்கி வந்த மறு பரிசோதனை அது. இவளுக்கு நாங்கள் யார்? உட்கார வைத்து மோர் கொடுத்தேன்.

ரிசல்ட்டையும் அவளே போனில் சொன்னாள். "ஒண்ணுமே இல்லம்மா, சுத்தமா இருக்கு. அக்காவைப் பிரசவத்துக்கு வரச் சொல்லுங்க." நல்லாருப்ப தாயி என்றேன். இன்றைக்கும் மோட்டார் சுவிட்சைத் தட்டும்போதெல்லாம் அவளை நினைத்துக்கொள்கிறேன்.

மகள் வந்தாள். பேத்தி பிறந்தாள். கால்களை நீட்டி உட்கார்ந்து, அவளைக் கிடத்தி, எங்கள் போர்த் தண்ணீரிலேயே வெந்நீர் போட்டுக் குளிப்பாட்டினேன். துவட்டி எடுத்து உச்சி முகர்ந்தேன். பிள்ளையைக் குளிப்பாட்டினால் எல்லாரும் செய்வதுதான். நான் முகர்ந்தது பெட்ரோல் வாடை இருக்கிறதா என்று. இல்லை. அதற்குப் பிறகுதான் அம்மாச்சியாக இன்னொரு முறை முகர்ந்தேன்.