எங்கள் கல்யாணத்துக்கு ஒரு போட்டோ

எனக்கும் என் மச்சானுக்கும் (எங்கள் பக்கம் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவோம்) கல்யாணம் நடந்தது என்பதற்கு மேலப்பாளையத்தில் ஒரு தெருவே சாட்சி. அன்றைக்குச் சோறு தின்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கறி பத்தவில்லை என்று இன்றுவரை குறை சொல்கிற பெரியம்மா ஒருத்தியும் இருக்கிறாள். ஆனால் துபாய் அரசாங்கம் என் பெரியம்மாவிடம் வந்து கேட்குமா? அதற்குக் காகிதம் வேண்டும், காகிதத்தின் முதுகில் முத்திரை வேண்டும்.

இங்கே விசா புதுப்பிக்கும்போதெல்லாம் அந்தக் கல்யாணச் சான்றிதழை அலமாரியிலிருந்து எடுப்பேன். எடுத்தால் அன்றைக்குச் சமையல் பிந்திவிடும். ஊர் ஞாபகமும் வாப்பா ஞாபகமும் வந்துவிடும். வாப்பா வாரம் தவறாமல் போனில் பேசுவார். வீடியோவில் வாங்க என்றால் மட்டும் போனை உம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அவருக்கும் படத்துக்கும் ஆகாது.

மச்சான் வீடு எங்களுக்கு அடுத்த தெரு. வாப்பாவே பார்த்து முடித்த சம்பந்தம். நிக்காஹ் பள்ளிவாசலில் நடந்தது. நான் வீட்டில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். வாப்பா வந்து, "சம்மதமாளா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன், கையெழுத்துப் போட்டேன், முடிந்தது. என் தம்பி ஆசைப்பட்டு ஒரு போட்டோக்காரரைக் கூட்டி வந்திருந்தான். அவர் வாசலில் கேமராவை வெளியே எடுத்ததுதான் தாமதம், வாப்பா வந்துவிட்டார்.

"படம் இருக்க வூட்டுக்குள்ள மலக்குமாரு வரமாட்டாவ வே. சாப்பிட்டுட்டுப் பைய கெளம்பும்."

(மலக்குமார் என்றால் வானவர்கள், இறைவனின் தூதர்கள்.) அவரும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அத்தனை நகை, அத்தனை பூ! அந்தக் கோலத்தில் என்னை நானே கண்ணாடியில் ஒரு தடவைதான் பார்த்தேன்.

கல்யாணமான கையோடு மச்சான் துபாய்க்குப் போய்விட்டார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். கொண்டுவந்த பெட்டியில் சோப்பு வாசம் போவதற்குள் திரும்பிவிடுவார். மற்ற நாளெல்லாம் பீடி சுற்றும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நான் குடும்பம் நடத்தினேன். எங்கள் தெருவில் பல பெண்களுக்கு இதுதான் வாழ்க்கை. எனக்கு அது போதவில்லை. சொல்ல என்ன வெட்கம்? போதவில்லை.

ஒரு லீவில் வந்தபோது, கம்பெனி குடும்ப விசா தருகிறது, வீடும் தருகிறது என்று மச்சான் சொன்னார். அன்றைக்கே பஜாரில் டிராவல்ஸ் வைத்திருந்த அண்ணாச்சியிடம் ஓடினோம். ஜமாஅத்தில் தந்த நிக்காஹ் தாளை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நமக்குப் போதும், எம்பஸிக்குப் போதாதும்மா. மொதல்ல ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணத்தப் பதியணும். அங்கன தர்ற சான்றுலதான் மெட்ராஸ்ல ஒரு முத்திரை, டெல்லில ஒண்ணு, எம்பஸில ஒண்ணு வாங்கணும். அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். ஆனா பதியுதப்ப ரெண்டு பேரும் நேர்ல நிக்கணும், சாட்சி வேணும். அப்புறம், கல்யாண போட்டோ ஒண்ணு குடுங்க."

"இல்லையே அண்ணாச்சி."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

"சரி, இப்ப ரெண்டு பேருமாச் சேந்து ஒண்ணு எடுத்துட்டு வாங்க. அது போதும்."

அவருக்கு அது போதும். எங்களுக்கு அதுதான் மலை. மச்சானுக்கு லீவு முடியப்போகிறது. இந்த லீவில் பதியாவிட்டால் அடுத்த லீவுவரை நான் பீடிதான் சுற்ற வேண்டும், அந்த வீட்டையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். வாப்பாவுக்குத் தெரியாமல் ஸ்டுடியோவுக்குப் போய்வந்துவிடலாம் என்றேன். மச்சான் கேட்டால்தானே! "மாமாவுக்குத் தெரியாம நான் வரமாட்டேன். அவுஹதானே சாட்சிக் கையெழுத்தும் போடணும்" என்றார். துபாயில் வானத்தில் தொங்கிக்கொண்டு கிரேன் ஓட்டுகிற மனுஷன், மாமனார் என்றால் தொடை நடுங்குவார்.

நான்தான் வாப்பாவிடம் போனேன். பதமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போனவள், அவர் "படமா?" என்று ஒரு வார்த்தை கேட்டதும் வெடித்துவிட்டேன்.

"அன்னைக்கு ஒரே ஒரு படம் எடுக்க விட்டிருந்தா எனக்கு இந்தக் கதி வருமா வாப்பா? மலக்குமாரு வந்தாவளோ என்னமோ, என் புருஷன்தான் வீடு வந்து சேரல!"

உம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். வாப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். இரவு சாப்பிடவும் இல்லை. காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன்.

காலையில் பார்த்தால் சலவைச் சட்டை, தொப்பி, அத்தர் வாசத்தோடு வாசலில் நிற்கிறார்.

"எந்த ஸ்டுடியோளா? நேரமாவுதுல்லா."

ஸ்டுடியோவில் வாப்பா கதவருகே, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார். போட்டோக்காரர் எங்களைச் சேர்ந்து நிற்கச் சொன்னார். மச்சான் எனக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றார். "இன்னும் நெருங்கி" என்றார் போட்டோக்காரர். மச்சான் வாப்பாவின் முதுகைப் பார்த்தபடி ஒரு விரற்கடை நகர்ந்தார். "இன்னும் கொஞ்சம்." அதே விரற்கடைதான்.

வாப்பா திரும்பாமலே சத்தம் போட்டார்: "மாப்ள, கிட்டப் போயி நில்லுங்க! நாந்தானே கட்டிக் குடுத்தேன்!"

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு அப்படியே படத்தில் விழுந்துவிட்டது. ரிஜிஸ்டர் ஆபீஸிலும் அதையே ஏற்றுக்கொண்டார்கள். வாப்பா சாட்சி இடத்தில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். லீவு முடிந்து மச்சான் முதலில் துபாய்க்குப் போனார். சான்றிதழ் மெட்ராஸும் டெல்லியும் சுற்றிவிட்டுப் பின்னால் வந்தது.

முதுகெல்லாம் முத்திரையாக வந்த அந்தத் தாளில் எம்பஸி முத்திரை மட்டும் அரபியில் இருந்தது. வாப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குர்ஆன் ஓதுகிற ராகத்தில் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். "என்ன வாப்பா சொல்லுது?" என்று கேட்டேன். "அர்த்தம் யாருக்குத் தெரியும்? எழுத்து நல்ல எழுத்து" என்றார். கண்ட இடத்தில் வைக்கக் கூடாது என்று, நான் கிளம்பும் நாள்வரை குர்ஆன் இருக்கும் மேல்தட்டிலேயே வைத்திருந்தார்.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போக வேன் வந்து நின்றது. உம்மா அழுதாள், தம்பி பெட்டிகளை ஏற்றினான். வாப்பா அந்தச் சான்றிதழை ஒரு கவரில் போட்டு என் கையில் தந்தார். தந்துவிட்டு நகராமல் நின்றார்.

"அந்தப் படத்துல மிச்சம் இருக்கா? எனக்கு ஒண்ணு தந்துட்டுப் போ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கா? வூட்டுல படம் ஆகாதே வாப்பா?"

"சுவத்துல மாட்ட மாட்டேன். அலமாரிக்குள்ள கவுத்தி வச்சுக்கிடுதேன்."

கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்க்காமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. "இத அன்னைக்கே எடுக்க விட்டிருக்கலாம்லா வாப்பா?" என்றேன்.

"அன்னைக்கு நீ அடுத்த தெருவுக்குத்தானளா போன" என்றார்.