அத்தை கொண்டுவந்த ஒட்சிசன் மானி

எங்கள் அப்பாவுக்குத் தங்கமீன்கள்தான் உயிர். பிள்ளைகள் நாங்கள் அதற்கப்புறம்தான். ஹந்தானையில் வீட்டுக்குப் பின்னால் சிமெந்துத் தொட்டிகள் கட்டி மீன் வளர்த்து, மடவளைக் கடைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவந்தார். எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரே தொட்டியில் அளவுக்கு மீறி மீன்களை விட்டுவிட்டு, தண்ணீரில் ஒட்சிசன் போதுமா என்று தவிக்கத் தொடங்கினார்.

அப்பாவின் தங்கை அப்போதுதான் ஓர் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். "போத்தல் கழுவுறதுக்கா இவ்வளவு படிச்ச?" என்று கேட்டுக் கேட்டே அவளை நோகடித்தவர் அப்பா. அண்ணன் ஒரு தடவையாவது தன் வேலையை மெச்ச வேண்டும் என்பதற்காகவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேலதிகாரியிடம் கெஞ்சி, தண்ணீரிலுள்ள ஒட்சிசனை அளக்கும் மானி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள் அத்தை.

கைக்கடக்கமான பெட்டி. அதிலிருந்து போன வயரின் நுனியில் பேனா மாதிரி ஒரு குச்சி. குச்சியின் முனையில் மெல்லிய சவ்வு. அதைத் தண்ணீரில் விட்டு ஆட்டியதும் திரையில் ஏழு வந்தது.

"நாலுக்குக் கீழ போனாத்தான் ஆபத்து அண்ணே. இப்ப பயமில்ல."

அப்பா தலையை ஆட்டினார். கொஞ்சம் சிரிக்கவும் செய்தார். அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அம்மா தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டாள். அத்தை குச்சியை என்னிடம் தந்து, "விடாம ஆட்டிக்கிட்டே இரு, என்னா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆட்டினேன். அப்போது பாழாய்ப்போன ஒரு மீன் வந்து குச்சியைக் கொத்தியது. அது பயந்து ஓடிவிடக் கூடாதே என்று கையை அசையாமல் வைத்துக்கொண்டு ரசித்தேன். திரையை நான் பார்க்கவில்லை. அந்தப் பக்கமாக வந்த அப்பா பார்த்தார். மூன்று.

"அய்யய்யோ, எல்லாம் போச்சே!" என்று வலையை எடுத்து அள்ளி அள்ளிப் பக்கத்துத் தொட்டியின் குளிர்ந்த புதுத்தண்ணீரில் கொட்டினார். பொத்திப் பொத்தி வளர்த்த தாய் மீன்கள் மூன்று அந்தத் திடீர்க் குளிர் தாங்காமல் அங்கேயே மல்லாந்து மிதந்தன. சத்தம் கேட்டு ஓடிவந்த அத்தை முதலில் என் கையைத்தான் பார்த்தாள். "கை வலிக்குதாடி?" என்று கேட்டுக் குச்சியை வாங்கிக்கொண்டாள். அவள் ஆட்டியதும் திரை திரும்ப ஏழுக்கு ஏறியது.

"என்னா மெஷின் இது?" அப்பா கத்தினார்.

"என் பிழைதான் அண்ணே. சவ்வை நான் சரியா மாட்டல."

அதற்குப் பிறகு அப்பா அவளைத் தொட்டிப் பக்கமே விடவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி, "எங்க வீட்டு விஞ்ஞானி" என்று கிண்டல் வேறு. எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தவள் நான்தான்.

இன்று நீர் சுத்திகரிக்கும் நிலையமொன்றில் எனக்கு வேலை. சேர்ந்த வாரமே சொல்லித்தந்தார்கள்: இந்தக் குச்சி தன் முனையைச் சுற்றியுள்ள ஒட்சிசனைத் தானே தின்றுதான் அளக்கிறது, ஆட்டாமல் வைத்தால் அந்த இடத்தில் ஒட்சிசன் தீர்ந்து, எண் விழும், தண்ணீர் நன்றாகவே இருந்தாலும்.

அன்று மீனுக்காகக் கையை அசையாமல் வைத்திருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. அன்று மாலையே அத்தை வீட்டுக்குப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அத்தனை வருடமும், அவளுக்குக் குச்சியைச் சரியாகப் பிடித்துக் கொடுத்தவள் நான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.